மொட்டை மாடிக்கு வந்தது யார்?

கேள்வி: எனக்கு 26 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் திருமணம். மாப்பிள்ளை நல்லவர்.

என் சிக்கல் வேறொருவரைப் பற்றியது. கல்லூரியில் என்னோடு படித்தவர். அப்போது எங்களுக்குள் ஒன்றும் இல்லை. ஒருமுறை என் நோட்டை வாங்கிப் போய்த் திருப்பித் தந்தார், அவ்வளவுதான். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். வானம் மூடியிருந்தது. “தை பிறப்பதற்குள் ஒரு முடிவு சொல்” என்று என் கையைப் பிடித்தார். நான் விலகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதன் பின் இரண்டு முறை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இரண்டாவது முறை கண்டக்டர் கம்பியைத் தட்டி, “கடைசி ஸ்டாப், இறங்கும்மா” என்றபோது திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

குற்ற உணர்ச்சி தாங்காமல் தோழியிடம் எண் வாங்கி அவருக்கு போன் செய்தேன். திகைத்துப் போனார். மூன்று ஆண்டுகளாகப் புனேயில் இருப்பதாகவும், பொங்கலுக்குப் பிறகு ஊருக்கே வரவில்லை என்றும், கல்லூரி முடிந்த பின் என்னைப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். அன்று வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று அம்மாவும் சொல்கிறார். ஆனால் எங்கள் இரும்பு கேட் கிறீச்சிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் போட்டிருந்தது கத்திரிப்பூ நிறச் சட்டை. கனவு இத்தனை தெளிவாக இருக்குமா? கனவில் வந்தவனே நேரிலும் கிடைத்த உஷையின் கதையைப் பாட்டி அடிக்கடி சொல்வார். அதுபோல ஏதாவதா?

எப்போதும் களைப்பாக இருக்கிறது. ஆபீஸில் மேசையிலேயே தூங்கிவிடுகிறேன் என்று மேலாளர் எச்சரித்திருக்கிறார். கல்லூரிக் கடைசி ஆண்டிலிருந்தே இப்படித்தான். சில நாள் காலையில் விழித்த பின்னும் கை கால் அசையாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அமுக்குவான் என்று பாட்டி தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்திருக்கிறார். நிச்சயதார்த்தத்தன்று சித்தி சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தேன். முழங்கால் தளர்ந்து, கையிலிருந்த காபி டம்ளர் நழுவி மாப்பிள்ளையின் அக்கா புடவையில் கொட்டிவிட்டது. எல்லோரும் பேசியது கேட்டது, என்னால்தான் வாய் திறக்க முடியவில்லை. யாரோ எனக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

அவர் பொய் சொல்கிறாரா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட வேண்டுமா?

— பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவும் இல்லை. மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான விடை கிடையாது. கடைசியில் வருகிறேன்.

நான் மனநல மருத்துவன். தூக்கக் கோளாறுகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மொட்டை மாடி, கத்திரிப்பூச் சட்டை, தை வரை கெடு என்று நீங்கள் விரிவாக எழுதிய பகுதியை ஒரு முறைதான் படித்தேன். போகிற போக்கில் குறையாகச் சொல்லிப் போன அந்தக் கடைசிப் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆபீஸில் தூக்கம், காலையில் அசையாத கை கால், சிரித்ததும் நழுவிய டம்ளர். நீங்கள் இவற்றைத் தனித்தனித் துன்பங்களாக எழுதியிருக்கிறீர்கள். நானோ இவை மூன்றையும் மாடிக்கு வந்த அந்த மனிதரையும் ஒரே காரணத்தின் கீழ் வைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் காரணத்தின் பெயர் நார்கோலெப்சி. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் இந்தச் சந்தேகம் எழுந்த பின் பரிசோதனை இல்லாமல் விடுவதும் சரியல்ல. 1880-ல் ழெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயர் சூட்டிய பழைய நோய் இது. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்குகிறது. சோம்பேறி, வலிப்பு, மனநோய், செய்வினை என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுவிட்டுச் சரியான பெயர் தெரிய வருவதற்குள் பலருக்குப் பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. உங்களுக்கு இதுவரை சோம்பேறி, அபசகுனம், செய்வினை மூன்றும் கிடைத்துவிட்டன.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே சில பத்தாயிரம் நரம்பணுக்கள் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. இதற்கு ஒரெக்சின் என்றும் பெயர். 1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்ததால் இரண்டு பெயர்கள். விழிப்பை விழிப்பாகவும் தூக்கத்தைத் தூக்கமாகவும் நிலைநிறுத்துவது இதன் வேலை. நார்கோலெப்சி இருந்தவர்களின் மூளையில் அந்த அணுக்கள் பெருமளவு அழிந்துவிட்டிருப்பதை 2000-ல் கண்டார்கள். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அவற்றைத் தாக்கியிருக்க வேண்டும் என்பதே இன்று வலுவாக உள்ள கருத்து. ஆக, இது மூளையில் ஒரு சுரப்பு குறைந்ததால் வரும் நோய். உங்கள் மன உறுதிக்கோ ஒழுக்கத்துக்கோ இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

சாதாரணமாக ஒருவர் தூங்கத் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கனவு செறிந்த ‘ரெம்’ கட்டத்துக்குப் போகிறார். மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் கட்டம் அது. கனவில் ஓடுவதை உடலும் செய்துவிடக் கூடாதென்று அப்போது மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. நார்கோலெப்சியில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். கண் சொக்கிய 15 நிமிடத்துக்குள் கனவு வந்துவிடலாம். கனவு முடியாமலே கண் திறந்துவிடலாம். தசைத் தளர்வு மட்டும் தனியாக, முழு விழிப்பிலும் வந்து போகலாம்.

இப்போது உங்கள் கடிதத்துக்குத் திரும்புவோம். காலையில் கண் விழித்தும் உடல் அசையாதது, ரெம் கட்டத்தின் தளர்வு இன்னும் விலகாததால். நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது, முடிந்து போகாத கனவு அறைக்குள் கசிந்ததால். இது எப்போதாவது நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் வரும். உங்களுக்கு அடிக்கடி வருவதுதான் கவனிக்க வேண்டியது. பாட்டியின் இரும்புத் துண்டால் தீங்கில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம் அந்தக் காபி டம்ளர். சிரிப்பு, வியப்பு, கோபம் போன்ற திடீர் உணர்ச்சியால் தசைகள் சில விநாடிகள் தளர்ந்து போவதை கேட்டப்ளெக்சி என்கிறோம். தாடை தொங்கும், தலை சாயும், முழங்கால் மடங்கும், கையிலிருப்பது விழும். வலிப்பிலோ மயக்கத்திலோ பெரும்பாலும் நினைவு தப்பும். இதில் தப்பாது. “எல்லோரும் பேசியது கேட்டது, என்னால்தான் வாய் திறக்க முடியவில்லை” என்று எழுதினீர்களே, பாடப்புத்தகத்தில்கூட இதைவிடத் தெளிவாக எழுத மாட்டார்கள். பகல் தூக்கத்துக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். சிரித்தால் முழங்கால் தளர்வதற்கு அவ்வளவு காரணங்கள் கிடையாது. மாப்பிள்ளையின் அக்காவுக்குப் புடவை போனது, உங்களுக்கு ஒரு வழி திறந்தது.

அடுத்தது பஸ். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்பும் வரை நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு முந்தைய ஸ்டாப்புகளில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் அவர் பேசிக்கொண்டு வந்தது மட்டும் தெரியும். சாதாரணக் கனவுகள் நம்மை எங்கோ கொண்டு போகும், விழித்ததும் இடம் மாறியது தெரிந்துவிடும். சட்டென்று வரும் இந்தக் கனவுகளோ பல நேரம் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே நடக்கின்றன. அதே சீட், அதே ஜன்னல், அதே கம்பி. ஒரு ஆள் மட்டும் கூடுதல். விழித்த பின், இது கனவு என்று காட்டிக்கொடுக்கும் தையல் எங்கும் தெரிவதில்லை.

மாடியில் நடந்ததும் இதே வகையாக இருக்கலாம். அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள். யாராவது வந்தார்களா என்று மறுபடியும் கேட்க வேண்டாம். அன்று மாடியிலிருந்து துணியை எடுத்து வந்தது யார் என்று கேளுங்கள். நீங்கள் போயிருந்தால் துணி கீழே வந்திருக்க வேண்டும். அம்மாவோ தம்பியோ இருட்டிய பிறகு போய் எடுத்து வந்திருந்தால், நீங்கள் அன்று மாடிப்படி ஏறவே இல்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கே படுத்திருந்தீர்கள் என்பதையும் அப்படியே விசாரியுங்கள். கேட் கிறீச்சிட்டது உண்மையாகவே இருக்கலாம். பால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ திறந்திருக்கலாம். அரைத்தூக்கத்தில் காதில் விழுந்த ஒலியைக் கனவு தன் கதைக்குள் இழுத்துக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

“கனவு இத்தனை தெளிவாக இருக்குமா?” என்பது நல்ல கேள்வி. நம் நினைவுகளின் மேல் ‘இது நடந்தது’, ‘இது நினைத்தது’ என்று முத்திரை எதுவும் குத்தப்பட்டிருப்பதில்லை. ஒரு நினைவு வரும்போது அதில் நிறம், ஒலி, இடம், நேரம் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்து, நிறைய இருந்தால் நடந்தது, மங்கலாக இருந்தால் நினைத்தது என்று மூளை கணிக்கிறது. மார்சியா ஜான்சன், கரோல் ரே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1981-ல் இதை விளக்கினார்கள். பெரும்பாலும் இந்தக் கணிப்பு சரியாகவே வரும். ஏனென்றால் பெரும்பாலோருக்குக் கனவு விடிந்ததும் மங்கிவிடும். நார்கோலெப்சி உள்ளவர்களின் கனவோ நிறமும் ஒலியும் தொடுதலும் நிறைந்து வருகிறது. கணிப்பு முறை பழுதாகாமல் இருந்தும், அதற்குக் கிடைக்கும் சான்று தப்பாக இருப்பதால் தீர்ப்பும் தப்பாகிவிடுகிறது. போதாததற்கு, புரட்டாசியிலிருந்து நீங்கள் அந்த மாலையை மனத்துக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள்! ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும். சட்டையின் நிறம் அந்த நாளே இருந்ததா, பிறகு வந்து சேர்ந்ததா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2014-ல் ‘ஸ்லீப்’ என்ற மருத்துவ இதழில் வந்தது. கனவை நிஜம் என்று குழப்பிக்கொண்டது உண்டா என்று நார்கோலெப்சி உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் கேட்டார்கள். இல்லாதவர்களில் 15 சதவீதத்தினர் உண்டு என்றார்கள். நார்கோலெப்சி உள்ளவர்களில் 83 சதவீதத்தினர். ஒருவர் பக்கத்து ஏரியில் ஒரு சிறுமி மூழ்கியதாகக் கனவு கண்டுவிட்டு, உள்ளூர்ச் செய்தியில் அது வரும் என்று மனைவியிடம் டிவியைப் போடச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் திருமணமான பெண். கணவருக்குத் துரோகம் செய்துவிட்டதாக முழுமையாக நம்பிக் குற்ற உணர்ச்சியில் வாடினார். பிறகு தற்செயலாக அந்தக் ‘காதலரை’ நேரில் சந்தித்தபோதுதான், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே பல ஆண்டுகள் ஆகிவிட்டன, தங்களுக்குள் எதுவுமே நடந்ததில்லை என்று புரிந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கடிதத்தை அவர் படித்தால் சிரித்துவிட்டு அழுவார், அல்லது அழுதுவிட்டுச் சிரிப்பார்.

உஷையின் கதையைக் கேட்டிருந்தீர்கள். பாட்டிகள் அந்தக் கதையில் உஷையின் காதலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தவள் தோழி சித்திரலேகை. கனவில் வந்தவன் யார் என்று தெரியாமல் உஷை புலம்பிக்கொண்டிருக்க, தேவர், கந்தர்வர், மனிதர் என்று ஒவ்வொருவராகப் படம் வரைந்து காட்டி, அநிருத்தனிடம் வந்து நிற்கிறாள். முறையான விசாரணை! ஆனால் அந்தக் கதையிலும் உஷை அரண்மனையில் கண்டது கனவுதான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அநிருத்தன் உண்மையில் இருந்தான், அன்றிரவு அங்கே வரவில்லை. உங்கள் கல்லூரித் தோழரும் புனேயில் உண்மையாகவே இருக்கிறார்.

அவரை இனிமேல் அழைக்காதீர்கள். அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பேசிப் பழகாத ஒரு பெண், திருமணம் நிச்சயமானவர், திடீரென்று போன் செய்து நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறார். அவர் இரண்டு இரவாவது தூங்கியிருக்க மாட்டார். பரிசோதனை முடிவு வந்த பிறகு தோழி மூலமாக, “உடல்நலக் கோளாறால் வந்த குழப்பம், மன்னித்துவிடுங்கள்” என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், பதிலை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

‘பைத்தியமா’ என்ற கேள்விக்கு, மனநல மருத்துவன் என்ற முறையில் கூடுதலாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தன்னை ஒருவர் காதலிக்கிறார் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையே ஒரு நோயாக வருவது உண்டு. கிளெராம்போ என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1921-ல் விரிவாக எழுதினார். அந்த நோய் உள்ளவர் உங்களைப்போல் கேள்விக்குறி போட்டு எழுத மாட்டார். அந்த மனிதர் மறுத்தால், மறுப்பதே காதலின் அடையாளம் என்பார். நீங்கள் தேதி சொல்கிறீர்கள், அம்மாவிடம் கேட்கிறீர்கள், உங்களையே சந்தேகிக்கிறீர்கள். அவர் வரும் நேரங்களும் தூக்கத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. ஆனால் நன்றாக விழித்திருக்கும்போது, வேலை நடுவில், யாரோ பேசும் குரல் கேட்டாலோ, பாட்டு வழியாகவும் செய்தி வழியாகவும் அவர் சைகை காட்டுவதாகத் தோன்றினாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது வேறு பாதை. நார்கோலெப்சி உள்ள சிலருக்கு மனச்சிதைவு என்று தவறாக முடிவு கட்டி ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்ததும் நடந்திருக்கிறது. அதனால்தான் எந்த அனுபவம் எந்த நேரத்தில் வந்தது என்பதைக் குறித்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

பரிசோதனைக்கு தூக்க ஆய்வுக்கூடம் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோவையிலும் சென்னையிலும் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் பார்க்கிறார்கள். நரம்பியல், நுரையீரல், மனநலம் எந்தத் துறை மருத்துவரானாலும் சரி, தூக்கவியலில் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். முதலில் இரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் வரும் மூச்சுத்திணறல், வெறுமனே தூக்கம் போதாமை ஆகியவற்றை விலக்குவார்கள். இரவு பத்து மணிக்கு மாப்பிள்ளையோடு பேச ஆரம்பித்தால் எப்போது முடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவர் கட்டாயம் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு வாரமாவது போதுமான அளவு தூங்கிய பிறகு பரிசோதனை செய்தால்தான் முடிவை நம்ப முடியும்.

ஓர் இரவு முழுவதும் தலையிலும் உடலிலும் சிறு மின்முனைகளை ஒட்டித் தூக்கத்தைப் பதிவு செய்வார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை படுக்கச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு முறை உடனே ரெம் கட்டத்துக்குப் போனால், நான் சந்தேகிப்பது உறுதியாகும். மனச்சோர்வு மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவை ரெம் கட்டத்தை அடக்கிவிடும், முடிவு தவறாக வரும். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். இன்னொன்று, சிரித்தால் தளர்வது மருத்துவர் அறையில் நடக்காது. அங்கே யாருக்கும் சிரிப்பு வராது. வீட்டில் பாயில் உட்கார்ந்துகொண்டு, சித்தியை வேடிக்கை பேசச் சொல்லி, தம்பியையோ தங்கையையோ உங்கள் முகத்தைப் போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடப் படம் பல பக்க மருத்துவச் சீட்டைவிட உதவும்.

முடிவு வரும் வரை ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் தனியாக நிற்பதும் கிணற்றில் குளிப்பதும்கூட வேண்டாம்.

நோய் உறுதியானால், அதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. பகல் விழிப்புக்கு மோடாஃபினில் தருவார்கள். சிரிப்பில் தளர்வதற்கு வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரை தருவார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் தளர்ச்சி முன்னைவிட மோசமாகத் திரும்பும். மதிய இடைவேளையில் 15, 20 நிமிடம் தூங்கினால் பலருக்கு மாத்திரை அளவுக்கே பயன் தெரிகிறது. மருத்துவரிடம் சான்று வாங்கி மேலாளரிடம் கொடுங்கள். எச்சரித்தவரே ஒரு நாற்காலியை ஒதுக்கித் தருவார் என்று நம்புகிறேன். தரவில்லையென்றால் அது வேறு சண்டை.

அதுவரை நிஜத்தையும் கனவையும் எப்படிப் பிரிப்பது? உங்களுக்குள் தேடாதீர்கள். எவ்வளவு தெளிவாக இருக்கிறது, எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதெல்லாம் உங்கள் விஷயத்தில் சான்றாகாது. வெளியே விட்டுச் சென்ற தடத்தைத் தேடுங்கள். போனில் அழைப்புப் பதிவு, பஸ் டிக்கெட், கூட இருந்தவரின் வாய்மொழி, இடம் மாறிய பொருள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அதற்கு முன் தூங்கினேனா, தடம் என்ன, இவ்வளவு மட்டும் எழுதுங்கள். கனவின் கதையை விரிவாக எழுத வேண்டாம். எழுத எழுத அது நினைவில் ஊறிவிடும். தடம் கிடைக்காத எதையும் அடிப்படையாக வைத்து ஒருவரைக் குற்றம் சொல்வதில்லை, மன்னிப்புக் கேட்பதில்லை, முடிவெடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை, அம்மாவையோ சித்தியையோ, இதற்குத் துணையாக வைத்துக்கொண்டால் பாரம் பாதியாகும். அம்மா தாயத்து கட்டச் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் அவர் முகம்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். கனவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, நோட்டு வாங்கிப்போன ஒருவரின் முகம் கைக்குக் கிடைத்தது என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். கனவைப் பிரித்து உள்மன ஆசையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இந்தத் திருமணத்தில் உங்களுக்கு முழு விருப்பமா என்பது முக்கியமான கேள்விதான். அதை நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், விழித்த மனத்தோடு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பம் இல்லையென்றால் அதைச் சொல்வதற்குக் கனவின் சாட்சி தேவையில்லை.

இனி மாப்பிள்ளை. மாடியில் நடந்ததாக நீங்கள் நினைப்பதை அவரிடம் ‘ஒப்புக்கொள்ள’ வேண்டியதில்லை, ஏனென்றால் நடக்காததற்கு ஒப்புதல் கிடையாது. இப்போது குற்ற உணர்ச்சியோடு போய்ச் சொன்னால், அவர் மனத்தில் கனவு என்ற பகுதி நிற்காது, கையைப் பிடித்த பகுதிதான் நிற்கும். ஆனால் நோயை மறைக்காதீர்கள். பரிசோதனை முடிவு வந்ததும், தை பிறப்பதற்கு முன், நீங்களே அவரிடம் நேரில் சொல்லுங்கள். பெரியவர்கள் மூலமாகச் சொன்னால் அது பேரமாகிவிடும். இதை ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. உங்களோடு வாழப் போகிறவருக்கு நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. அவர் வேடிக்கை பேசி நீங்கள் சிரித்துத் தரையில் சரிந்தால் பதற வேண்டியதில்லை, தலை அடிபடாமல் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். வண்டி ஓட்டுவது சில காலம் அவர் வேலை. மோடாஃபினில் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையும், நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை வேறு வழி தேவை. கருத்தரிக்க நினைக்கும் முன்பே மருந்துகளை மருத்துவரோடு மாற்றியமைக்க வேண்டும். இவை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள். கனவையும் நிஜத்தையும் சில நேரம் குழப்பிக்கொள்வேன் என்பதையும் பொதுவாகச் சொல்லி வையுங்கள். ‘நேற்று என்னிடம் கோபமாகப் பேசினீர்களே’ என்று நீங்கள் என்றாவது கேட்கும்போது, அவர் சண்டைக்கு வராமல் ‘எப்போது?’ என்று திருப்பிக் கேட்கப் பழகியிருப்பார். விரும்பினால் மாடிக் கனவைப் பிறகொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் கேட்காவிட்டாலும் அவர் வீட்டார் ‘பிள்ளைகளுக்கும் வருமா?’ என்று கேட்பார்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 1 முதல் 2 வரை. மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் 98 பேருக்கு வருவதில்லை. அவர்களுக்கு அதற்கு மேலும் ஐயம் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாப்பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.